டாய் ஹாலரா, மோட்டார்ஹோமா, கேம்பரும் டிரெய்லருமா? ஆஃப்-ரோடு வண்டியோடு காட்டுக்குள் தங்கப் போகிறவர்களுக்கு ஓர் ஒப்பீடு

போன மாதம் மட்டும் மூன்று குடும்பங்கள் இதே கேள்வியோடு என்னைக் கூப்பிட்டன. சைடு-பை-சைடு (இருக்கைகள் அருகருகே உள்ள சிறிய ஆஃப்-ரோடு வண்டி) வாங்கிவிட்டார்கள், இல்லையென்றால் ஜீப்புக்குப் பெரிய டயர் போட்டு உயர்த்திவிட்டார்கள். இப்போது அதை யூட்டாவுக்கோ கலிஃபோர்னியாவின் மணல்மேடுகளுக்கோ கொண்டுபோய், கரண்ட்டும் தண்ணீரும் இல்லாத இடத்தில் குழந்தைகளோடு நான்கு நாள் தங்க வேண்டும். எந்த ஆர்வி (வீட்டு வசதியுள்ள பயண வண்டி) வாங்குவது? அதில் ஒருவர் கண்காட்சியில் பார்த்த 24 அடி டாய் ஹாலருக்கு (ஆஃப்-ரோடு வண்டியை உள்ளேயே ஏற்றும் வீட்டு டிரெய்லர்) முன்பணம் கட்டிவிட்டு வந்து, "அண்ணா, என் டிரக் இதை இழுத்துடும்ல?" என்று கேட்டார்.

அவருக்குப் போனில் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். அமெரிக்க மேற்கு மாநிலங்களை மனதில் வைத்து எழுதுவது, ஏனென்றால் நாங்கள் சுற்றுவது அங்கேதான்.

## எதை வைத்து முடிவு செய்வது

எல்லோரும் உள் அமைப்பிலிருந்துதான் தொடங்குகிறார்கள். எத்தனை கட்டில், சமையலறை எவ்வளவு பெரிது, குளியலறைக்குத் தனிக் கதவு உண்டா என்று. அதையெல்லாம் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். நான் பார்க்கும் வரிசை வேறு.

எடை. இதில்தான் பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள், நானும் மாட்டினேன். டிரக் விளம்பரத்தில் "11,000 பவுண்டு இழுக்கும்" என்று போட்டிருக்கும். அந்த எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் கதவுச் சட்டத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று. அதுதான் உங்கள் டிரக்கின் பேலோட். எஃப்-150, ராம் 1500 மாதிரியான அரை டன் பிக்கப் டிரக்குகளில் (அரை டன், முக்கால் டன், ஒரு டன் என்பவை ரகப் பெயர்கள்தான், உண்மை எடை அல்ல) அது பெரும்பாலும் 1,400 முதல் 1,900 பவுண்டுக்குள் இருக்கும். டிரெய்லரின் மூக்கு டிரக்கின் கொக்கியில் உட்காரும் எடையும் இந்தக் கணக்கில்தான் வரும்.

ஒரு கணக்குப் போடுவோம். ஏற்றி முடித்த டாய் ஹாலர் 9,500 பவுண்டு. கொக்கி எடை மொத்தத்தில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும், 12.5 என்று வையுங்கள், கிட்டத்தட்ட 1,200. எடையைச் சமன்படுத்தும் ஹிட்ச் 100. நான்கு பேர் 600. டிரக் பெட்டியில் கூலர், கருவிகள், விறகு என்று 200. மொத்தம் 2,100. ஸ்டிக்கரில் 1,500 என்று இருக்கிறது. 11,000 பவுண்டு இழுக்கும் அதே டிரக், 9,500 பவுண்டு டிரெய்லரைக் கட்டியதும் 600 பவுண்டு கூடுதல் சுமையோடு மலை இறங்குகிறது. எங்கள் முதல் டிரெய்லரை வாங்கியபோது விற்றவர் இந்த ஸ்டிக்கரைப் பற்றி வாயே திறக்கவில்லை. நெடுஞ்சாலை ஓர டிரக் நிறுத்தத்தில் இருந்த கேட் ஸ்கேல் என்னும் எடை மேடையில் ஏற்றிப் பார்த்தபோதுதான் எங்களுக்கே தெரிந்தது.

கடைசிப் பத்து மைல். நீங்கள் தங்கப் போகும் இடத்துக்கு உள்ளே போகும் பாதை எப்படிப்பட்டது? கலிஃபோர்னியாவின் இம்பீரியல் மணல்மேடுகளில், எல்லோரும் கிளாமிஸ் என்று சொல்கிற பகுதியில், கெக்கோ ரோடு தார்ச் சாலை, நிறுத்துவதற்குக் கெட்டியான தளங்களும் உண்டு. 40 அடி வண்டிகூட வரும். ஜான்சன் வேலியில் மீன்ஸ் என்னும் காய்ந்த ஏரிப் படுகை மேசை மாதிரி சமமாக இருக்கும், ஆனால் மழை பெய்துவிட்டால் சேறுதான். இன்னொரு பக்கம், யூட்டாவின் சான் ரஃபேல் ஸ்வெல்லின் உட்பக்கமோ கொலராடோ மலைகளில் ஒரு வனத்துறைச் சாலையின் முடிவோ என்றால், கதையே வேறு. அலை அலையான மண் பாதை, தாழ்ந்த கிளை, வண்டியைத் திருப்ப இடமே இல்லாத முனை. உள்ளே போன பிறகு 30 அடி டிரெய்லரோடு அரை மைல் பின்னோக்கி ஓட்டி வருவது என்னவென்று ஒருமுறை அனுபவித்தால் போதும்.

தனியாக எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும். தண்ணீர், பேட்டரி, கழிவுத் தொட்டி, ஜெனரேட்டருக்கு எரிபொருள். பி.எல்.எம் (மத்திய அரசின் நில மேலாண்மைத் துறை) நிலத்தில் பொதுவாக 28 நாளில் 14 நாள்வரை இலவசமாகத் தங்கலாம். நம்மில் பெரும்பாலோருக்கு நாலு நாள் லீவு கிடைப்பதே பெரிது, ஆகவே நாலு நாள் தாங்குகிறதா என்று பார்த்தால் போதும்.

ஏதாவது ஒன்று உடைந்தால். சிக்னல் இல்லாத இடத்தில் குழந்தைக்குக் கை முறிந்தால் எந்த வண்டியில் ஏறி ஊருக்குப் போவீர்கள்? வீடும் எஞ்சினும் ஒரே வண்டியில் இருந்து அந்த எஞ்சின் நின்றால் என்ன செய்வீர்கள்? இதையெல்லாம் யாரும் வாங்கும்போது யோசிப்பதில்லை.

அப்புறம் வாங்கிய பிறகான செலவு. அதை ஒவ்வொன்றோடும் சேர்த்தே சொல்கிறேன்.

இன்னொன்று, உங்கள் வண்டியின் உண்மையான எடையையும் நீளத்தையும் முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டர்ட் பைக் ஒன்று 250 பவுண்டுக்குப் பக்கம். ஏடிவி (பைக் மாதிரி ஏறி ஓட்டும் நான்கு சக்கர வண்டி) 700, 800. நான்கு இருக்கை சைடு-பை-சைடு 1,600 முதல் 2,200 வரை, நீளம் 12 அடிக்கு மேல். நான்கு கதவு ஜீப் ராங்லர் ரூபிகான் என்றால் 4,400க்கு மேல். இந்த ஒரு வரியிலேயே பாதி ஆர்விகள் பட்டியலிலிருந்து விழுந்துவிடும். ஜீப் உள்ளவருக்கு டாய் ஹாலர் அநேகமாக ஒத்துவராது, டர்ட் பைக் மட்டும் உள்ளவருக்கு டாய் ஹாலர் தேவையே இல்லாமல் போகலாம்.

## கொக்கியில் இழுக்கும் டாய் ஹாலர்

பின்சுவர் சாய்தளமாக இறங்கும், வண்டியை உள்ளே ஏற்றிப் பூட்டிவிடலாம், போய் இறங்கியதும் அதே இடம் படுக்கையறை. மழை, தூசி, திருட்டு எதைப் பற்றியும் கவலை இல்லை. வழியில் ஓட்டலில் தங்கினால்கூட நிம்மதியாகத் தூங்கலாம். முகாமில் டிரெய்லரைக் கழற்றி வைத்துவிட்டால் டிரக் சும்மா நிற்கிறது, அவசரத்துக்கு எடுத்துக்கொண்டு ஓடலாம். இது பெரிய பலம்.

ஆனால் சுமை ஏற்றும் அளவைக் கவனியுங்கள். காலி எடை 7,000, அதிகபட்ச எடை 10,500 என்றால் 3,500 பவுண்டு மிச்சம் இருக்கிற மாதிரி தெரியும். சைடு-பை-சைடு 1,900. நூறு காலன் தண்ணீர் 834. வண்டிக்கும் ஜெனரேட்டருக்கும் 30 காலன் பெட்ரோல் 180. மீதம் 600 பவுண்டுகூட இல்லை. அதற்குள் பேட்டரி, புரோப்பேன், சாப்பாடு, துணி, நாற்காலி, ஹெல்மெட், உதிரி டயர் எல்லாம் அடங்க வேண்டும். அடங்காது. தண்ணீரைப் பாதியாகக் குறைப்பார்கள், அல்லது எடையைப் பார்க்காமலே ஓட்டுவார்கள்.

இன்னொரு சிக்கல் சமநிலை. கராஜ் பகுதி அச்சுகளுக்குப் பின்னால் இருக்கிறது, அதனால் உள்ளே வண்டி ஏறியதும் முன்மூக்கு லேசாகிறது. இதைத் தெரிந்துதான் காலியாக இருக்கும்போது மூக்கு கனமாக இருக்கும்படி கட்டுகிறார்கள். வண்டி இல்லாமல் வெறுமனே குடும்பச் சுற்றுலா போனால் கொக்கி எடை டிரக்கை அமுக்கும். கனமான வண்டியை மிகப் பின்னால் நிறுத்தினால் கொக்கி எடை 10 சதவீதத்துக்குக் கீழே போய், வேகத்தில் டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்கும். தண்ணீர்த் தொட்டி அச்சுக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள். முழுத் தொட்டியோடு ஒருமுறை, காலித் தொட்டியோடு ஒருமுறை எடை போடுங்கள்.

பெட்ரோல் வாடை பற்றி யாரும் சொல்வதில்லை. பகலெல்லாம் வண்டி நின்ற அறையில்தான் இரவு பிள்ளைகள் படுக்கிறார்கள். வண்டியை வெளியே இறக்கிய உடனே எல்லா ஜன்னலையும் திறந்து காற்றாட விட வேண்டும், கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், வாடை போகும்வரை கேஸ் அடுப்பையோ ஹீட்டரையோ பற்ற வைக்கவே கூடாது. புகை, கார்பன் மோனாக்சைடு, புரோப்பேன் அலாரங்கள் வேலை செய்கின்றனவா என்று ஒவ்வொரு பயணத்திலும் அமுக்கிப் பாருங்கள்.

கூடுதல் செலவு: பெரும்பாலும் முக்கால் டன் டிரக் வாங்க வேண்டிவரும். அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. டீசல் எஞ்சின் கனமானது, அதனால் 10,000 பவுண்டு வரம்புள்ள முக்கால் டன் டீசல் டிரக்கின் பேலோட் சில சமயம் 2,000 பக்கமே நின்றுவிடும். இழுக்கும் பலம் எக்கச்சக்கம், சுமக்கும் இடமோ குறைவு. கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள் உரிமத்தையும் பாருங்கள், 10,000 பவுண்டுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குச் சாதாரண கார் உரிமம் போதாது. டிரெய்லர் இழுக்கும் எந்த வண்டிக்கும் அங்கே 55 மைல்தான் வேகம்.

யாருக்கு இது: நல்ல மண் சாலை, ஒரே இடத்தில் மூன்று நான்கு நாள், சிறு குழந்தைகள், ஒரு சைடு-பை-சைடு அல்லது இரண்டு ஏடிவி.

## ஃபிஃப்த் வீல் டாய் ஹாலர்

இது அரண்மனை. 14 அடி கராஜ், தனிப் படுக்கையறை, பெரிய தண்ணீர்த் தொட்டி, உள்ளேயே ஜெனரேட்டர். கொக்கி டிரக்கின் பின் அச்சுக்கு மேலே உட்காருவதால் சாலையில் ஓட்ட மற்ற எந்த டிரெய்லரையும்விட நிதானமாக இருக்கும், வால் ஆட்டம் அபூர்வம்.

கணக்கு இதுதான். டிரெய்லர் 18,000 பவுண்டு என்றால், 20 முதல் 25 சதவீதம், அதாவது 3,600 முதல் 4,500 வரை டிரக் மேல் உட்காரும். ஒரு டன் டிரக், பல சமயம் பின்னால் நான்கு சக்கரம் உள்ள டூவலி. புதிதாக வாங்கினால் டிரக் மட்டுமே 80,000 டாலரைச் சாதாரணமாகத் தாண்டும். உயரம் 13 அடிக்கு மேல், ஆகவே மரக்கிளை உள்ள வனச் சாலையை மறந்துவிடலாம். டிரக்கோடு சேர்த்து 60 அடி, வழியில் பெட்ரோல் பங்க் தேடுவதே ஒரு வேலை. கலிஃபோர்னியாவில் மொத்த நீளம் 65 அடியைத் தாண்டக் கூடாது, பெரிய கிரூ கேப் டிரக்கும் 42 அடி டிரெய்லரும் அந்தக் கோட்டை உரசும். வீட்டில் நிறுத்த இடமில்லாதவர்களுக்கு மாதாமாதம் நிறுத்துமிட வாடகை.

கிளாமிஸில் நான்கைந்து குடும்பம் வட்டமாக நிறுத்தி ஒரு வாரம் தங்குகிறீர்கள், வருடத்துக்கு ஐந்தாறு முறை போகிறீர்கள் என்றால் இதைவிடச் சிறந்தது கிடையாது. வேறு எதற்கும் நான் சொல்ல மாட்டேன்.

## மோட்டார்ஹோம், பின்னால் ஜீப் அல்லது டிரெய்லர்

மோட்டார்ஹோம் என்றால் வீடும் எஞ்சினும் ஒரே வண்டியில். ராங்லர் வைத்திருப்பவர்கள் முதலில் யோசிக்க வேண்டியது இது. ஜீப்பின் டிரான்ஸ்ஃபர் கேஸை (எஞ்சின் பலத்தை முன், பின் சக்கரங்களுக்குப் பிரிக்கும் பெட்டி) நியூட்ரலில் போட்டு நான்கு சக்கரமும் தரையில் உருள அப்படியே இழுத்துப் போகலாம், தனி டிரெய்லர் வேண்டாம். ஃபோர்டு இ-450 மேல் கட்டிய கிளாஸ் சி (வேன் முகப்போடு வரும் மோட்டார்ஹோம்) எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியின் அதிகபட்ச எடை 14,500, இழுவையோடு சேர்த்து 22,000. மிச்சம் 7,500. ஜீப் தாராளமாக அடங்கும், ஆனால் அந்த ஆர்வியின் ஹிட்ச் எத்தனை பவுண்டுக்கு என்று தனியாகப் பாருங்கள், 5,000 மட்டுமே எழுதியிருக்கும் மாடல்களும் உண்டு. முகாமில் ஜீப்பைக் கழற்றினால் அதுவே விளையாட்டு வண்டி, அதுவே ஊருக்குப் போய்வரும் வண்டி. நீண்ட பயணத்தில் பிள்ளைகளுக்குக் கழிப்பறை கைக்கெட்டும் தூரத்தில். இந்த வசதியை அனுபவித்தவர்கள் திரும்பிப் போக மாட்டார்கள்.

குறை என்ன? ஜீப்பை இப்படிக் கட்டியிருக்கும்போது பின்னோக்கி ஓட்டக் கூடாது, கழற்றித்தான் ஆக வேண்டும். தவறான பாதையில் திரும்பிவிட்டால் அங்கேயே இறங்கி ஜீப்பைப் பிரித்து, வண்டியைத் திருப்பி, மறுபடி கட்ட வேண்டும். இழுவைக் கம்பி, ஜீப்பின் முன்பக்கத் தகடு, விளக்கு ஒயர், கூடுதல் பிரேக் என்று ஜீப்பைத் தயார்படுத்தவே சில ஆயிரம் டாலர் ஆகும். கிளாஸ் சி வண்டிகளுக்குப் பின்சக்கரத்துக்கு அப்பால் நீண்ட வால் உண்டு, காய்ந்த ஓடையைக் கடக்கும்போது அது தரையைத் தட்டும். நான்கு சக்கர இழுவையும் இருக்காது, மணலில் இறங்கினால் கதை முடிந்தது.

எஞ்சின் பழுதானால் வீடும் சேர்ந்தே பணிமனைக்குப் போகும். அதுவும் ஆர்வி ஏற்றும் அளவு லிஃப்ட் உள்ள பணிமனையாக இருக்க வேண்டும், பாலைவனத்து ஓரச் சிற்றூரில் அது சுலபமாகக் கிடைக்காது. ஒரு நல்ல விஷயம், வண்டியின் பெட்ரோல் டேங்கிலிருந்தே ஓடும் ஜெனரேட்டர் பெரும்பாலும் கால் டேங்க் மிச்சம் இருக்கும்போது தானே நின்றுவிடும். ஏசியைப் போட்டுத் தூங்கி, காலையில் ஊர் திரும்ப எரிபொருள் இல்லாமல் தவிக்க வேண்டாம்.

சைடு-பை-சைடு உள்ளவர்கள் பின்னால் சின்னத் திறந்த டிரெய்லர் கட்டலாம். அப்போது பின்னோக்கி ஓட்டும் சிக்கல் இல்லை.

## டிரக் கேம்பரும் திறந்த டிரெய்லரும்

என் மனம் இதன் பக்கம்தான், மறைக்கவில்லை. இப்போது நாங்கள் இருப்பதும் இதில்தான்.

டிரக் பெட்டிக்குள் உட்காரும் கேம்பர், பின்னால் 16 அடி டிரெய்லரில் சைடு-பை-சைடு. டிரெய்லர் 2,000, வண்டி 2,000, மொத்தம் 4,000 பவுண்டுதான் இழுவை. நான்கு சக்கர இழுவை உள்ள டிரக்கே வீடு என்பதால் மற்ற எதுவும் போகாத இடத்துக்கு இது போகும். கடைசி மைல்கள் மோசமாக இருந்தால் டிரெய்லரை வழியிலேயே நல்ல இடத்தில் பூட்டி விட்டுவிட்டு, ஒருவர் டிரக்கையும் இன்னொருவர் சைடு-பை-சைடையும் ஓட்டிக்கொண்டு உள்ளே போய்விடலாம். இந்த ஒரு வசதிக்காகவே இதை எடுத்தோம். ஆனால் அந்தப் பாதையில் சைடு-பை-சைடு ஓட்ட அனுமதி உண்டா என்று வனத்துறை இலவசமாகத் தரும் எம்.வி.யூ.எம் வரைபடத்தில் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

கஷ்டங்களும் உண்டு. கேம்பரின் முழு எடையும் பேலோடில் விழுகிறது. 2,800 பவுண்டு என்று அட்டையில் இருந்தால், தண்ணீரும் பேட்டரியும் சாமானும் ஏற்றிய பிறகு 3,800 என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஆட்களையும் கொக்கி எடையையும் சேர்த்தால் ஒரு டன் டிரக்தான் சரி. கேம்பர் பெட்டிக்கு வெளியே நீண்டால் ஹிட்ச்சுக்கு நீட்டிப்புக் கம்பி போட வேண்டும், போட்டால் ஹிட்ச்சின் தாங்கும் அளவு குறையும். தண்ணீர் 30, 40 காலன்தான் இருக்கும், நாலு பேர் நாலு நாளைக்குச் சிக்கனமாக இருக்க வேண்டும். மழை பெய்தால் நான்கு பேரும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தே இருக்க வேண்டும். அவசரம் என்றால் டிரக்கை எடுக்கக் கேம்பரையும் கலைத்துச் சுமந்துகொண்டு ஓட வேண்டும். ஜாக்கிகளில் நிறுத்திக் கழற்றலாம் என்பார்கள், சமமில்லாத தரையில் யாரும் அதைச் செய்வதில்லை.

திறந்த டிரெய்லரில் வண்டி தூசியில் குளிக்கும். இரவு நிறுத்தங்களில் சக்கரப் பூட்டு, கொக்கிப் பூட்டு, சங்கிலி மூன்றும் வேண்டும். கட்டும் பட்டைகளை 50 மைலில் ஒருமுறை நிறுத்தி இழுத்துப் பாருங்கள், புதிய பட்டைகள் கட்டாயம் தளரும்.

## எதுவும் வாங்காமல்

ஜீப்பின் கூரைக் கூடாரம், அல்லது சாதாரணக் கூடாரமும் இருக்கிற டிரக்கும் வாடகை டிரெய்லரும். மோவாப், சில்வர்டன், யூரே மாதிரி ஊர்களில் சைடு-பை-சைடே வாடகைக்குக் கிடைக்கும். கொலராடோவின் 65 மைல் ஆல்பைன் லூப் மலைப்பாதையைச் சுற்றத்தான் ஆசை என்றால், ஆர்வியை மேலே கொண்டுபோக முடியாது, எப்படியும் கீழேதான் தங்க வேண்டும். சில்வர்டனே 9,300 அடி உயரத்தில் இருக்கிறது. டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் ஆயிரம் அடிக்குச் சுமார் 3 சதவீத பலத்தை இழக்கும், அங்கே ஏறும்போது கால்வாசி பலம் போயிருக்கும். வருடத்துக்கு இரண்டு முறை போகிறவர்கள் இந்த வழியிலேயே இருக்கலாம்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | கொக்கி டாய் ஹாலர் | ஃபிஃப்த் வீல் | மோட்டார்ஹோம் + ஜீப் | கேம்பர் + டிரெய்லர் |
|---|---|---|---|---|
| தேவைப்படும் டிரக் | முக்கால் டன் | ஒரு டன், டூவலி | வேண்டாம் | ஒரு டன் |
| கரடான பாதை | ஓரளவு | போகாது | குறைவு | நன்றாகப் போகும் |
| நாலு பேர், நாலு நாள் | வசதி | மிக வசதி | வசதி | நெருக்கடி |
| அவசரத்துக்குத் தனி வண்டி | டிரக் | டிரக் | ஜீப் | இல்லை |
| வண்டிக்குப் பாதுகாப்பு | பூட்டிய அறை | பூட்டிய அறை | வெளியே | வெளியே |
| அதிகம் செலவு வைப்பது | டிரக் மாற்றுவது | டிரக், நிறுத்துமிடம் | எஞ்சின் பராமரிப்பு | டிரக் |

டர்ட் பைக் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. சாதாரண டிரெய்லரின் பின் பம்பரில் பைக் தாங்கியை மாட்டாதீர்கள். அந்த மெல்லிய பம்பர் அதற்காகச் செய்ததல்ல, அந்த எடை கடைக்கோடியில் தொங்கினால் கொக்கி எடையும் குறைந்து வால் ஆட்டம் வரும். பைக்கை டிரக் பெட்டியில் போடுங்கள், பேலோட் கணக்கில் சேர்த்துக்கொண்டு.

டிரெய்லர் எதுவாக இருந்தாலும் டயர் வாங்கும்போது தயாரித்த வாரத்தைப் பாருங்கள், பக்கவாட்டில் நான்கு இலக்கமாக அச்சிட்டிருக்கும். பல டிரெய்லர் டயர்கள் மணிக்கு 65 மைலுக்கு மேல் ஓடச் செய்யப்படவில்லை, கோடையில் அரிசோனா சாலையில் 75ல் ஓட்டினால் வெடிக்கும், வெடித்தால் தரைத் தகடும் கழிவுக் குழாயும் சேர்ந்தே போகும்.

முன்பணம் கட்டிய நண்பர் அன்று இரவே கீழே இறங்கிப் போய்க் கதவு ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பினார். 1,480. டீலரிடம் பேசி, அவர் பிடித்துக்கொண்ட கொஞ்சம் போக மீதி முன்பணத்தைத் திருப்பி வாங்கிவிட்டார். இந்தக் குளிர்காலத்துக்கு அதே அரை டன் டிரக், வாடகைக்கு ஒரு 16 அடி டிரெய்லர், பெரிய கூடாரம் ஒன்று. பிப்ரவரியில் கிளாமிஸ் போகிறார்கள். அனுமதிச் சீட்டையும் எட்டடிக் கொடிக் கம்பத்தையும் மறந்துவிடாதே என்று சொல்லியிருக்கிறேன்.